ஆக்ஸிஜன் சென்சார் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எக்ஸாஸ்ட் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று பார்த்து, எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கிறதா என்று சொல்வதுதான் ஆக்ஸிஜன் சென்சார். கலவை எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதையும் அளந்து சொல்லும் வகைக்கு வைட்பேண்ட் என்று பெயர். அதைப் பற்றி சிங்கப்பூர் வாசகர்கள் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறு எண். பட்டறையில் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (ஈசூன்)

அவசரப்படாதீர்கள். கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதுதான் பி0171. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே அந்தச் சென்சார்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? முதலில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மீட்டருக்கு அப்பால் இருக்கும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள், மடிப்புக்குள் கீறல் ஒளிந்திருக்கும். அப்புறம் வேக்குவம் ஹோஸ்கள், பெட்ரோல் பம்ப் அழுத்தம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும்.

சென்சாரைச் சூடாக்க அதற்குள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அதில் கோளாறு என்று பி0031 மாதிரி எண் வந்தால் கதை வேறு. ஃபியூஸைப் பார்த்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி ஹீட்டர் பின்கள் இரண்டிலும் ஓம் மீட்டரை வையுங்கள். நல்ல ஹீட்டர் சில ஓம்கள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

வைட்பேண்டுக்கு ஐந்து வயர் என்கிறார்கள், என் டொயோட்டாவில் நாலுதான். சாதாரண நாலு வயர் சென்சார் போடலாமா? (தெம்பனிஸ்)

கூடவே கூடாது! நிறைய டொயோட்டா மாடல்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது டென்சோவின் நாலு வயர் ஏர் ஃபியூல் சென்சார். பார்த்தால் நேரோபேண்ட் எனும் பழைய சாதாரண சென்சார் மாதிரியேதான் இருக்கும், ஆனால் அது செய்வது வைட்பேண்ட் வேலை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் சரியான கலவை. நேரோபேண்டுக்கு அந்த 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். இது எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதையும் சொல்லும். மாற்றிப் போட்டால் எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியுவுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

கூடவே ஒன்று. ஐந்து வயர் பாஷ் சென்சாரில் பழைய கனெக்டரை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்தந்தச் சென்சாருக்கென்று அளந்து சரிசெய்த ரெசிஸ்டர் ஒன்று கனெக்டருக்குள்ளேயே இருக்கிறது. அதை வெட்டி எறிந்தால் அளவு தப்பும்.

தனியாகப் பொருத்திய ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும்) மீட்டரில் பாஷின் எல்எஸ்யு 4.2 வைட்பேண்ட் சென்சார் இருந்தது. கடையில் 4.9 தான் இருக்கிறதாம். (உபி)

ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. கனெக்டர் வேறு, ஹீட்டரை ஓட்டும் விதமும் வேறு. மீட்டரின் கண்ட்ரோலர் 4.9-ஐ ஏற்கும் என்று அதன் கையேட்டில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது மீட்டரை மட்டும் அணைத்து வைக்காதீர்கள், சூடில்லாத சென்சாரில் கரி படிந்து சீக்கிரம் போய்விடும்.

பேரலல் இம்போர்ட் வண்டி, ஏஜண்ட் அல்லாத வியாபாரி இறக்குமதி செய்தது. எந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது? (ஜூரோங்)

மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால் தப்பான பொருள்தான் வரும். ஒரே பெயரில் ஜப்பானில் விற்ற வண்டியும் இங்கே ஏஜண்ட் விற்ற வண்டியும் எஞ்சினிலேயே வேறுபடலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள், பழைய சென்சார் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முன்னதா பின்னதா என்பதையும் சொல்லுங்கள். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நேரோபேண்ட்தான்.

கார் கம்பெனி பெட்டிதான் வேண்டும் என்றில்லை. டொயோட்டாவுக்கு டென்சோ, ஹோண்டாவில் பல மாடல்களுக்கு என்டிகே, ஐரோப்பிய வண்டிகளில் பலவற்றுக்கு பாஷ் என்று செய்து கொடுத்த கம்பெனியின் சொந்தப் பெட்டியிலேயே வாங்கினால் விலை குறையும். சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அதையும் கூட்டிப் பாருங்கள். பாதி விலைக்கு 'ஒரிஜினல்' பாஷ் கிடைக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன். பழைய வண்டியில் கழற்றிய சென்சாரும் வேண்டாம், அதில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன். ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டுப் போனால் போதுமா? (உட்லண்ட்ஸ்)

விளக்கு அணையும், புகை மாறாது. சென்சார் சரியில்லாமல் பெட்ரோல் அதிகமாக ஊற்றிக்கொண்டிருந்தால் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுத்துவிடும். பத்து வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை, இந்தத் தடவை தப்பினாலும் அடுத்த வருடம் மாட்டுவீர்கள். இப்போதே சரிசெய்து சில நாள் ஓட்டிவிட்டுப் போங்கள்.

நானே மாற்றலாமா? (பொங்கோல்)

கை எட்டினால் மாற்றலாம். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது, வயர் நுழையப் பக்கவாட்டில் பிளந்த 22 எம்எம் சாக்கெட் போட்டுக் கழற்றுங்கள். புதுசின் மரையில், இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, பெரும்பாலும் பேஸ்ட் தடவியே வரும், முனையில் மட்டும் பட்டுவிடக் கூடாது. பாஷ் எல்எஸ்யுவுக்கு முறுக்கு 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். கழற்றிய பழசின் முனையையும் பாருங்கள். கரிக்கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம்; வெள்ளையாகப் பூத்திருந்தால் கூலண்டோ சிலிக்கோனோ உள்ளே போகிறது, அதை நிறுத்தாமல் புதுசைப் போட்டால் அதுவும் அதே கதிதான்.