ஜெர்மன் வண்டும் பேராவூரணி வண்டும்

கேள்வி: மூன்று வயதுத் தென்னங்கன்றுகளில் ஓலையெல்லாம் விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருக்கிறது. எருக்குழியில் வெள்ளைப் புழுக்கள். ஜெர்மனியில் காண்டாமிருக வண்டு மூன்று வருஷம் புழுவாகவே இருக்குமாம், வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் குழியை அடுத்த வருஷம் அள்ளினால் போதாதா? கடைக்காரர் குருத்தில் போட ஃபோரேட் குருணை தருகிறார், போடலாமா? — ஒரு விவசாயி, பேராவூரணி

பதில்: வீடியோவில் வந்தது ஓரிக்டஸ் நாசிகார்னிஸ், உங்கள் தோப்பில் இருப்பது ஓரிக்டஸ் ரைனோசெரஸ். பங்காளிகள்தான், இரண்டுமே மக்கில் முட்டையிடும். அங்கே குளிரில் புழு வளர இரண்டு முதல் நான்கு வருஷம் ஆகும். வண்டான பின் ஏறக்குறைய எதையும் தின்னாது, அதனால் அங்கே சட்டப் பாதுகாப்பே உண்டு. நம்மூர்க் காண்டாமிருக வண்டு ஐந்தாறு மாதத்தில் முட்டையிலிருந்து வண்டாகி, மாதக்கணக்கில் குருத்தைக் குடையும். அடுத்த வருஷம் நீங்கள் குழியை அள்ளும்போது புழு இருக்காது, தோப்பில் பறந்துகொண்டிருக்கும்.

விரிந்த ஓலையில் தெரிவது பழைய காயம். குருத்தடியில் ஓட்டையைத் தேடுங்கள். மென்று தள்ளிய நார் ஈரமாகப் பிதுங்கினால் வண்டு உள்ளே இருக்கிறது, கொக்கிக் கம்பியால் குத்தி எடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். நீங்கள் கேட்காத ஒன்று: கன்றைச் சாகடிப்பது இந்த வண்டு மட்டுமல்ல, அது போட்ட புண்ணில் முட்டையிட வரும் சிவப்புக் கூன்வண்டும்தான்.

எருக்குழிதான் உங்கள் வண்டுப் பண்ணை. அதை விட்டுவிட்டு மரத்துக்கு மருந்து போடுவது வீண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், கோழி தின்னும். பிறகு புழுவைக் கொல்லும் பூசணமான மெட்டாரைசியம் கல்ச்சர் 250 மில்லியை 750 மில்லி தண்ணீரில் கலந்து, எரு ஈரமாக இருக்கும்போது சாயங்காலம் தெளியுங்கள். காய்ந்த எருவில் பூசணம் பிடிக்காது. தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் வெந்த பாட்டிலை வாங்காதீர்கள், உள்ளே உயிர் இருக்காது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே கேட்டுப் பாருங்கள். கஜா புயல் சாய்த்த மரத்தின் மக்கிய அடிக்கட்டை இன்னும் கிடந்தால் பிளந்து எரித்துவிடுங்கள்.

ஃபோரேட் 2020 முடிவோடு தடையான மருந்து. அதை விற்பவரிடம் வேறெதுவும் வாங்காதீர்கள். வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஐந்து ஏக்கருக்கு ஒன்று போதும், அதையும் தோப்பு ஓரத்தில் கட்டுங்கள். கன்றுகளுக்கு நடுவே கட்டினால் பக்கத்துத் தோப்பு வண்டையும் நீங்களே கூப்பிட்டதாகும்.