நிலையோரத்திலை பெயின்ற் வெடிக்குதோ? கேள்வி பதில்

கதவு நிலை, யன்னல், சீலிங் ஓரம் எண்டு சீலன்ட் (ரியூபிலை வாற, நீக்கல் அடைக்கிற பசை) பூசி மேலை பெயின்ற் அடிச்ச இடங்கள் ஏன் வெடிக்குது எண்டு கேட்டு வந்ததுகளுக்குப் பதில் கீழை. கூரை ஒழுக்கையும் கிணத்துப் பம்பையும் அந்தந்தத் தொழில் தெரிஞ்சவையிட்டைக் கேளுங்கோ.

பரந்தன்: அண்ணை, நிலைக்கும் சுவருக்கும் இடையிலை இருந்த நீக்கலுக்கு வேலைக்கு வந்த பாஸ் சீலன்ட் அடிச்சு, அண்டைக்குப் பின்னேரமே எமல்சன் பூசினவர். ஒரு மாசத்திலை சிலந்திவலை மாதிரி வெடிப்பு. கிண்டிப் பார்த்தன், உள்ளை சீலன்ட் வெடிக்கேல்லை. பெயின்ற் மட்டும்தான்.

கிண்டிப் பார்த்தது நல்ல வேலை, தங்கச்சி. பாதிப் பதில் அதிலையே இருக்கு. அக்ரிலிக் சீலன்ட் தண்ணியிலை கரைச்ச சாமான். பூசி அரை மணித்தியாலத்திலை மேலை ஒரு தோல் பிடிக்கும், தொட்டால் கையிலை ஒட்டாது. உள்ளை இன்னும் ஈரம். அந்த ஈரம் வெளியேற வெளியேற சீலன்ட் சுருங்கி உள்ளுக்கு இழுபடும். அதுக்கு முன்னமே மேலை காய்ஞ்சு இறுகின பெயின்ற் அதோடை சேர்ந்து இழுபடாது, கிழியும். அதிலையும் மினுக்கமில்லாத மட் பெயின்ற் எண்டால் இன்னும் மோசம். மட்டிலை தூள் கூட, பிணைக்கிற பசை குறைவு. அதாலை வளைஞ்சு குடுக்காது.

ரியூபிலை "இத்தனை மணித்தியாலத்தாலை பெயின்ற் பூசலாம்" எண்டு போட்டிருப்பாங்கள். அது மெல்லிசாய் இழுத்த கோட்டுக்கு. என்ரை கணக்கு இதுதான்: 3 மில்லிமீற்றர் கோட்டுக்கு வெயில் காலத்திலை ஒரு முழு நாள். பென்சில் மொத்தத்துக்கு நாலைஞ்சு நாள். கார்த்திகை மழைக்குள்ளை வேலை எண்டால் அதை இரட்டிப்பாக்குங்கோ. தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதேங்கோ.

உங்கடை வீட்டிலை இப்ப ஒரு மாசம் போட்டுது, சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். கழண்டு நிக்கிற பெயின்ற்றைச் சுரண்டி எடுங்கோ. அக்ரிலிக் பிறைமர் ஒண்டு, அதுக்கு மேலை கொஞ்சம் மினுக்கமுள்ள எமல்சன் மெல்லிசாய் ரெண்டு பூச்சு. மொத்தமாய் ஒரு பூச்சிலை மூடப் பார்த்தால் திரும்பவும் வெடிக்கும்.

மல்லாவி: நீக்கலுக்கு வைற் சிமெந்து வைச்சு அடைச்சால் காணாதோ?

காணாது. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமெந்து அசையாது. முதல் வெயிலோடை நிலையோரமாய் மேலிருந்து கீழை ஒரு கோடு விழும். சுவரைச் சமப்படுத்தப் பூசிற பொட்டியும் (புட்டி) அப்பிடித்தான். அது சுவருக்கு.

முல்லைத்தீவு: அண்ணை, எங்கடை வீட்டிலை சீலன்டுக்கு மேலை பெயின்ற் பிடிக்குதே இல்லை. பூசப் பூச விலகி விலகி ஓடுது.

நீங்கள் பூசினது சிலிக்கன். கடையிலை எல்லா ரியூபையும் "சிலிக்கன்" எண்டுதான் கேக்கிறம், அவையும் கைக்கு வந்ததை எடுத்துத் தருகினம். சிலிக்கனுக்கு மேலை பெயின்ற் நிக்காது. பிறைமர் போட்டாலும், அரம் போட்டுத் தேய்ச்சாலும் நிக்காது. பிளேட்டாலை ரெண்டு பக்கமும் வெட்டி முழுசாய் உரிச்செடுத்து, எண்ணெய்ப்பிடிப்பு இல்லாமல் துடைச்சுப்போட்டு அக்ரிலிக் பூசுங்கோ. ரியூபிலை பெயின்ற் பூசலாம் எண்டு எழுத்து இருக்கோ எண்டு கடையிலையே பாருங்கோ. பாத்ரூம் டைல்ஸ் ஓரத்துக்குச் சிலிக்கன்தான் சரி, ஆனால் அங்கை பெயின்ற் அடிக்கிற கதையே இல்லை.

புதுக்குடியிருப்பு: விரல் போற நீக்கல். ரெண்டு ரியூப் முடிஞ்சுது, இன்னும் உள்ளுக்குப் போகுது.

நிப்பாட்டுங்கோ. உள்ளை நுரைக்கயிறு ஒண்டை, நீக்கலிலும் பார்க்கக் கொஞ்சம் மொத்தமாய்ப் பார்த்து அழுத்தி வையுங்கோ. அதுக்கு மேலை அகலத்திலை பாதி ஆழத்துக்குச் சீலன்ட் காணும். 12 மில்லிமீற்றர் அகலமெண்டால் 6 ஆழம். சீலன்ட் ரெண்டு பக்கத்திலை மட்டும் ஒட்டவேணும். அடியிலையும் ஒட்டினால் இழுபட இடமில்லாமல் கிழியும். கயிறு வைக்க ஆழமில்லாத இடத்திலை அடியிலை மாஸ்கிங் ரேப் ஒட்டிவிடுங்கோ. பிறகு ஈரவிரலாலை தடவிச் சமப்படுத்துங்கோ. காய்ஞ்ச பிறகு தேய்க்க வெளிக்கிட்டால் திரண்டு வரும்.

ரொறன்ரோ: தம்பி, எங்கடை வீட்டிலை சீலிங் ஓர மரச்சட்டம் ஒவ்வொரு வின்ரருக்கும் வாய் பிளக்குது, சமருக்கு மூடுது. வருசா வருசம் பூசுறன்.

அக்கா, அங்கை வின்ரரிலை ஹீற்றர் போட வீட்டுக்காத்து காய்ஞ்சு மரம் சுருங்குது. சமரிலை ஈரப்பதம் ஏற ஊதுது. நீக்கல் நல்லாய் விரிஞ்சு நிக்கிற வின்ரரிலையே அடையுங்கோ. சமரிலை அடைச்சால், வின்ரருக்கு விரிய அந்த மெல்லிய கோடு அவ்வளவு தூரம் இழுபடாது. இஞ்சை வன்னியிலை அதே கணக்கு ஆடி ஆவணிக்கு வரும். வெட்டை காய்ஞ்சு நிலமே வெடிச்சு நிக்கேக்கை அடைச்சால், மாரிக்கு மரம் ஊதி சீலன்டை அமுக்கும். அமுக்கினால் தாங்கும்.

ஒட்டுசுட்டான்: பின்னேரம் பூசி அடுத்தநாள் காலமை பெயின்ற் அடிக்கலாமோ?

மேலை பரந்தனுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

நெடுங்கேணி: ஃபான் பிடிச்சால் கெதியாய்க் காயுமோ?

தோல் கெதியாய்க் காயும். உள்ளை ஈரம் அடைபட்டுப் போகும். பரந்தன்.

மாங்குளம் (ஓடாவி): தம்பி, ரியூப் ரியூபாய்ப் பிதுக்கிற உந்த வேலையெல்லாம் எங்களுக்கு முந்தித் தெரியாது. முதிரையிலை, பாலையிலை நிலை செய்து, ஓரத்துக்குச் சட்டம் அடிச்சு விடுவம். நீக்கல் உள்ளை விரியட்டும், சுருங்கட்டும், ஆருக்குத் தெரியும்?

ஐயா, காய்ஞ்ச முதிரை நிலை இருந்தால் எனக்கு வேலையே இல்லை. 2012க்குப் பிறகு, சண்டையிலை வீடிழந்தவைக்கு இந்தியா காசு குடுத்த வீட்டுத்திட்டம் வரேக்கை பயனாளிக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டக் கட்டப் பகுதி பகுதியாய். அந்தக் காசிலையும் அவசரத்திலையும் கனபேர் கிடைச்ச மரத்தைப் பச்சையாய் வைச்சவை. அது வைச்ச பிறகுதான் காயத் தொடங்கினது. நீளப்பாட்டிலை மரம் சுருங்கிறது பெரிசாய்த் தெரியாது, அகலப்பாட்டிலைதான் சுருங்கும். அதாலைதான் நிலைக்காலோரம் நீக்கல் விழுது.

மாங்குளம்: அப்ப சட்டம் அடியுங்கோவன். ஏன் பசை?

அடிக்கலாம், ஐயா. ஆனால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலை திரும்ப ஒரு நீக்கல் வரும், பூச்சு நேராய் இல்லாத சுவரிலை பெரிசாய் வரும். அதுக்கும் சனம் என்னட்டைத்தான் வரும்.

கனகராயன்குளம்: சட்டத்துக்குப் பின்னாலை கறையான் ஏறினது. கழட்டிப் பார்க்கேக்கை நிலையிலை பாதி மண்.

மாங்குளம்: அது அடிச்சவன்ரை பிழை. நிலைக்கால் நிலத்திலை தொடாமல் நிண்டால் கறையான் ஏன் வருது?

ஐயா, வரும். சுவராலையும் வரும். ஆனால் உங்கடை பக்கம் ஒரு நியாயம் இருக்கு: சட்டத்தை நிலையிலை மட்டும் ஆணியடிச்சு, சுவரிலை தொட விடாமல் விட்டால் மரம் தன்ரை பாட்டிலை அசையும், வெடிக்க ஒண்டுமில்லை. சனம் என்ன செய்யுதெண்டால் சட்டத்தைச் சுவரிலையும் அடிச்சு, ஓரத்துக்குப் பொட்டியும் வைக்குது.

மாங்குளம்: பொட்டி வைக்கச் சொல்லி நான் சொன்னனானோ?

இல்லை, ஐயா. நான் சொல்லுறன் வைக்கவேண்டாமெண்டு. இன்னொரு வழியும் இருக்கு. சுவருக்குச் சிமெந்து பூசேக்கையே நிலையோரம் கால் அங்குல வெட்டு விட்டுவிட்டால், நீக்கல் நேர்க்கோடாய் அழகாய் நிக்கும். புது வீடு கட்டுறவை மேசனிட்டை இதைக் கேளுங்கோ. சட்டமும் வேண்டாம், ரியூபும் வேண்டாம்.

மாங்குளம்: அந்த வெட்டுக்குள்ளை பல்லி முட்டை வைக்கும்.

வைக்கட்டும்.

துணுக்காய்: உங்கடை சண்டை முடிஞ்சால் என்ரை கேள்வி. அஸ்பெஸ்டஸ் சீலிங் தகட்டு மூட்டுகளிலை பழைய பெயின்ற் வெடிச்சிருக்கு. தேய்ச்சுப்போட்டுச் சீலன்ட் பூசலாமோ?

தேய்க்காதேங்கோ. சான்ட் பேப்பரும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம், காய்ஞ்ச பிறஷ்ஷும் வேண்டாம். அந்தத் தூள் நெஞ்சுக்குள்ளை போனால் வெளியிலை வராது, வருத்தம் வர இருபது முப்பது வருசமும் ஆகும். தகடு உடையாமல் நல்லாய் இருந்தால், ஈரத்துணியாலை மெதுவாய்த் துடைச்சு, துணியைப் பையிலை கட்டி எறிஞ்சுபோட்டு, காய்ஞ்ச பிறகு பிறைமரும் பெயின்ற்றும் அடியுங்கோ. மூட்டை மரச்சட்டம் மூடியிருந்தால் அப்பிடியே விடுங்கோ. தகடு உடைஞ்சிருந்தால் கை வைக்காமல் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ.

வவுனியா: இனாமல் அடிச்சால் வெடிக்காதோ?

எண்ணெய் இனாமல் நாள் போகப் போக இன்னும் இறுகும். சீலன்டுக்கு மேலை வேண்டாம். மரத்துக்கு இனாமல் அடிக்கிறதெண்டால் சீலன்ட் பூசின கோட்டுக்குச் சுவருக்கு அடிக்கிற எமல்சனையே பூசுங்கோ.

பூநகரி: ஒருநாளிலை காயிற சீலன்ட் இருக்கோ?

பரந்தன்.

செட்டிகுளம்: அண்ணை, நாளையண்டைக்குக் குடிபூரல். நிலையோரமெல்லாம் நீக்கல். அவசரம்.

நீக்கலைத் திறந்தபடி விடுங்கோ. சுவரையும் நிலையையும் மட்டும் பெயின்ற் அடியுங்கோ. வாற சனம் சாப்பாட்டைத்தான் பார்க்கும். ஆடி பிறக்க ரியூபை வாங்குங்கோ.