உரையை ஒரு முறை படித்தால் போதும்

கேள்வி: 3,00,000 சொற்கள் கொண்ட ஒரு தமிழ் உரையில் எந்தெந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று அறியப் பைத்தானில் நிரல் எழுதினேன். வெவ்வேறு சொற்கள் மட்டும் ஏறத்தாழ 40,000 தேறின. அவை ஒவ்வொன்றையும் உரை முழுவதிலும் தேடச் செய்ததில், அரை மணி நேரம் கடந்தும் நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘கல்’ என்ற சொல்லுக்கு நம்ப முடியாத அளவு பெரிய எண்ணும் வருகிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

பதில்: 40,000 சொற்களில் ஒவ்வொன்றையும் உங்கள் நிரல் 3,00,000 சொற்களோடு ஒப்பிடுகிறது, பெருக்கிப் பார்த்தால் 1,200 கோடி ஒப்பீடுகள். மாறாக, உரையை ஒரே முறை படித்துக்கொண்டே போய், எதிர்ப்படும் சொல்லுக்கு நேரே ஓர் அட்டவணையில் ஒன்றைக் கூட்டிவந்தால், 3,00,000 பதிவுகளோடு வேலை முடிந்துவிடும். அது ஹாஷ் அட்டவணையாக இருக்க வேண்டும். சொல்லின் எழுத்துகளிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு அது நேராகச் செல்வதால், உள்ளே 40 சொற்கள் இருந்தாலும் 40,000 இருந்தாலும் ஒரு சொல்லைக் கண்டெடுக்கும் நேரம் சராசரியாக ஏறத்தாழ ஒன்றுதான். பைத்தானின் டிக்‌ஷ்னரி இத்தகையதே. எண்ணுவதற்கென்றே கவுன்ட்டர் என்ற வகையும் பைத்தானில் உண்டு. கோப்பை வரிவரியாகப் படித்தால் நினைவகமும் மிச்சமாகும். ஓரிரு நொடிகளில் விடை வந்துவிடும்.

உங்கள் இரண்டாவது ஐயமே எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் விரைவாகக் கிடைத்த தவறான எண்ணால் பயனில்லை. எழுத்துத் தொடராகத் தேடும்போது ‘பகல்’, ‘கல்வி’, ‘கல்லூரி’ ஆகிய மூன்றிலும் ‘கல்’ அகப்படுகிறது. ஆகவே உரையை முதலில் சொற்களாகப் பிரித்துவிட்டு முழுச் சொல்லையே எண்ண வேண்டும். பிரிப்பதற்கு, எழுத்து வடிவங்களை விவரித்துத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்தைக் குறிக்கும் வழக்கமான \w குறியீட்டைப் பயன்படுத்தாதீர்கள். பைத்தானுடன் வரும் நூலகத்தில் அது புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கொள்ளாததால், ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக உடையும். இடைவெளிகளில் பிரித்து, ஓரங்களில் ஒட்டியுள்ள நிறுத்தக்குறிகளை நீக்குவதே பாதுகாப்பானது.

எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடில், ‘கொ’ என்பதில் ககரத்தோடு சேரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை கணினிக்கு வேறு வேறு சொற்களாகிவிடும். எண்ணத் தொடங்குமுன் நார்மலைசேஷன் செய்து ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் ‘கல்வியை’, ‘கல்வியைப்’ என்று ஒரே சொல் இரண்டு கணக்குகளில் நிற்கும், ஏனெனில் ‘கல்வியைப் பற்றி’ என்னும்போது வல்லினம் மிகுகிறது. தமிழ்ச் சொற்கள் இயல்பாக வல்லின மெய்யில் முடிவதில்லையாதலால், சொல்லின் இறுதியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிவிட்டு எண்ணலாம். ‘பிளாஸ்டிக்’ போன்ற பிறமொழிச் சொற்களுக்கு மட்டும் ஒரு விலக்குப் பட்டியல் தேவைப்படும். வேற்றுமை உருபுகள் இதைவிடக் கடினமானவை. ‘மரம்’ என்பது ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்று திரியும்போது மகரமே மறைந்துவிடுவதால், சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிட்டு அவற்றைச் சேர்த்துவிட முடியாது. உருபைப் பிரித்து அடிச்சொல்லைத் தரும் உருபனியல் கருவி வேண்டும். வடிவங்களை எண்ணுகிறீர்களா, அடிச்சொற்களை எண்ணுகிறீர்களா என்பதை முன்னதாகவே முடிவுசெய்து, முடிவுகளோடு அதையும் எழுதிவையுங்கள்.

ஒரே ஒரு சொல்லின் எண்ணிக்கை போதுமென்றால் அட்டவணையே தேவையில்லை. பிரித்த சொற்களை ஒப்பிட்டபடி ஒரு முறை கடந்துசென்றால் முடிந்தது. சில நூறு சொற்களை ஒருசேரத் தேடுவதற்கு 1975இல் வெளியான அஹோ–கொராசிக் முறை பொருந்தும். அதுவும் உரையை ஒரே முறைதான் படிக்கிறது, ஆனால் எழுத்துத் தொடராகவே தேடுவதால், அகப்பட்டதன் இருபுறமும் சொல் முடிகிறதா என்று நீங்கள் சோதித்துக்கொள்ள வேண்டும்.