நிற்கும்போது நடுக்கமா, ஓடும்போது நடுக்கமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்தவற்றில் பல கேள்விகள் ஒரே ரகம்: “கார் அதிருது, ஃபவுண்டேஷன் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொல்றார், மாத்திடலாமா?” இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டைத்தான் நம் பட்டறைகளில் ஃபவுண்டேஷன் என்கிறார்கள். பழி பெரும்பாலும் அதன்மேல்தான் விழுகிறது. குற்றம் பல நேரம் வேறிடத்தில் இருக்கிறது. எப்போது அதிர்கிறது என்று சரியாகச் சொல்லிவிட்டால் எந்தப் பாகம் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஏசி போட்டு ரயில்வே கேட்டில் நின்றால் ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குகின்றன. ஓடும்போது ஒன்றும் இல்லை. மூன்று ஃபவுண்டேஷனையும் மாற்றச் சொல்கிறார்கள். பெட்ரோல் கார். (காரைக்குடி)

பொறுங்கள். நடுங்குவது இன்ஜினா, அல்லது இன்ஜின் சரியாக ஓடியும் ரப்பர் தாங்காமல் அதிர்வை பாடிக்குக் கடத்துகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும்.

சைலன்சர் முனைக்கு ஒரு சாண் பின்னால் உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்று ஒரே சீராக வந்தால் நல்லது. நடுநடுவே தவறித் தவறி வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அப்படியானால் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் போங்கள். சந்தேகமான காயிலைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் பொருத்துங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்தது ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம். பல பெட்ரோல் கார்களில் 700 முதல் 850 ஆர்பிஎம் வரை இருக்கும். ஏசி போட்டதும் சற்று ஏற வேண்டும். உங்கள் காரில் ஆர்பிஎம் முள் இறங்கினால், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். அதற்கான க்ளீனர் ஸ்பிரே போட்டுத் துடைத்தாலே நடுக்கம் அடங்கிவிடுவது உண்டு. மூன்று சிலிண்டர் வண்டி என்றால் கொஞ்சம் நடுக்கம் பிறவிக் குணம். அதற்கு மருந்து தேடாதீர்கள்.

இவை எல்லாம் சரி என்றால்தான் ஃபவுண்டேஷன் சோதனை. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரில் கிளட்சை வண்டி இழுக்கத் தொடங்கும் இடம் வரை ஒரு நொடி மட்டும் விடட்டும். பிறகு ரிவர்ஸில் அதே போல. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் ஒரு சென்டிமீட்டர் அளவு சாய்வது இயல்பு. மூன்று சென்டிமீட்டருக்கு எகிறினாலோ, “டங்” என்று இடித்தாலோ ரப்பர் போய்விட்டது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உறுதியாகிவிட்டது. பட்டறையில் எதைக் கவனிக்க வேண்டும்? நாமே செய்யலாமா? (தேவகோட்டை)

கருவிகளும் பொறுமையும் இருந்தால் இரண்டு மூன்று மணி நேர வேலை. முன்சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் மூன்று இடத்தில் தாங்கல் இருக்கும்: டைமிங் பக்கம் (டைமிங் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கம்) ஒன்று, கியர்பாக்ஸ் மேல் ஒன்று, கீழே பின்பக்கம் எலும்புத்துண்டு வடிவில் டார்க் ராட். முதல் இரண்டும் எடையைச் சுமக்கின்றன. டார்க் ராட் எடை சுமப்பதில்லை, இன்ஜின் முன்னும் பின்னும் புரளாமல் பிடித்துக்கொள்கிறது. கியர் மாற்றும்போது மட்டும் “டொக்” கேட்டால் முதலில் டார்க் ராடின் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு.

ரப்பர் மேலே மெல்லிய வெடிப்பு இருப்பதாலேயே தூக்கி எறிய வேண்டாம். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால், அல்லது ஆழமாகக் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சில கார்களில் டைமிங் பக்க மவுண்டுக்குள் திரவம் இருக்கும். அதைச் சுற்றிக் கறுத்த ஈரம் வழிந்திருந்தால் உள்ளே காலி என்று பொருள்.

வேலை நடக்கும் முறை இது. முந்தின இரவே போல்ட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு அடியில் இரண்டு அங்குலத் தடிமனுள்ள அகலமான மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். ஜாக்கியின் இரும்புத் தலையை நேராகச் சம்பில் வைத்தால் அலுமினியச் சம்பு வெடித்துவிடும், தகரச் சம்பு உள்ளே நெளியும். நெளிந்த சம்பு ஆயில் உறிஞ்சும் குழாயை அடைத்து இன்ஜினையே கொன்றுவிடும். ஐந்து பத்து மில்லிமீட்டர் ஏறி இன்ஜின் எடையைத் தாங்கினால் போதும், அதற்கு மேல் தூக்க வேண்டாம். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் பாடியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கீழே நுழையக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்டை மட்டும் கழற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக அவிழ்த்தால் இன்ஜின் சரிந்து ஹோஸ், ஆக்சில், வயர் எல்லாம் இழுபடும். புதியதைப் பொருத்தும்போது துளை நேராக வராவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். ஜாக்கியை மெல்ல ஏற்றி இறக்கினால் துளைகள் தானே நேருக்கு நேர் வரும். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். பிறகு ஜாக்கியை இறக்கி, பேட்டரியைத் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் சற்று ஓடவிட்டு இன்ஜின் தன் இடத்தில் உட்கார்ந்தபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். முறுக்கிய நிலையிலேயே இறுக்கிவிட்டால் புது ரப்பர் பிறந்த நாள் முதலே இழுபட்டுக்கொண்டிருக்கும். அதிர்வும் போகாது. இறுக்கும் அளவு மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. டிகிரி கணக்கில் இறுக்கும் போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

மாற்றியும் நடுக்கம் போகவில்லை என்று வருகிறவர்களிடம் இரண்டு காரணங்கள் அதிகம். ஒன்று, மலிவான கெட்டி ரப்பர். அது கிழியாது, ஆனால் அதிர்வை அப்படியே கடத்தும். மற்றது, ஆயில் கசிவு. இன்ஜின் மேல்மூடியின் சீலான வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து ஒழுகும் ஆயில் ரப்பரை ஊற வைத்து இளக்கிவிடும். கசிவை நிறுத்தாமல் புது மவுண்டைப் போட்டால் ஓர் ஆண்டில் மறுபடி அதே கதை. சைலன்சர் குழாய் பாடியில் உரசினாலும் இதே போல நடுங்கும். அதையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்றால்தான் ஊருக்கு வருகிறோம். ஆறு மாதமாக ஷெட்டில் நின்ற கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் தடதடக்கிறது. (கானாடுகாத்தான்)

ஒரே இடத்தில் நின்றதில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகியிருக்கும். முதலில் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பி, நிதானமாக ஓட்டுங்கள். தேவகோட்டைக்குப் போய்த் திரும்பும் தூரத்தில் டயர் சூடேறி உருண்டையாகிவிட வேண்டும். அதற்குப் பின்னும் தடதடப்பு இருந்தால் வீல் பேலன்சிங் பாருங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரம், சீட் நடுங்கினால் பின்சக்கரம். எப்போதும் பொருந்தும் என்றில்லை, ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம். டயர் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ட்ரெட் புதிது போல இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு கண்ட பழைய டயரை நம்பி நீண்ட தூரம் போகாதீர்கள்.

அடுத்த முறை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரிய வீட்டு ஷெட்டில் எலி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. கடித்த வயர் ஒன்று போதும், கார் மிஸ்ஸிங் அடிக்க.

வேகத்தடையில் ஏறினால் முன்பக்கம் “டொக் டொக்”. நேர்ரோட்டில் அமைதி. (பள்ளத்தூர்)

இது இன்ஜின் சம்பந்தப்பட்டதே இல்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராட், அதாவது வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு ராட். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு மெதுவாக வீதியைச் சுற்றி வாருங்கள். சத்தம் போய்விட்டால் விடை கிடைத்தது. போகவில்லை என்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட். பால் ஜாயின்ட் ஆட்டத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

ரைஸ்மில்லுக்கு ஓடும் போலேரோ. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அடியில் “டங்”. லோடு இருந்தால் அதிகம். (புதுவயல்)

பின்சக்கரம் இழுக்கும் வண்டி, ஆகவே கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸைப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் கிராஸின் இரு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்றுங்கள். கிராஸின் மூடி ஓரத்தில் செம்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துரு பிடித்துவிட்டது. ஷாஃப்ட்டை இறக்கும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளிப் பொருத்தினால் இரு முனைக் கிராஸும் ஒரே கோட்டில் இருக்காது, அப்புறம் வேகத்தில் வண்டி முழுதும் அதிரும். லோடு வண்டி ஆகையால் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கின்) யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

மேல் கியரில் ஏற்றத்தில் மிதித்தால் “கிடுகிடு” என்கிறது. இன்ஜின் திறக்கணுமா? (திருப்பத்தூர்)

கியரைக் குறைத்ததும் போய்விட்டால் திறக்க வேண்டாம். குறைந்த வேகத்தில் மேல் கியரில் மிதிப்பதால் பெட்ரோல் நேரத்துக்கு முன் வெடிக்கிறது. கியரைக் குறைத்து ஓட்டுங்கள், ஓரிரு டேங்க் வேறு பங்கில் போட்டுப் பாருங்கள். ஆனால் நியூட்ரலில் ஆர்பிஎம் ஏற ஏற அடியிலிருந்து கனமான “டொக் டொக்” கூடிக்கொண்டே போனால் அது பேரிங். உடனே ஆஃப் செய்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் விளக்கும் எரிந்தால் பட்டறைக்கு ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

தாத்தா காலத்து அம்பாசடர். ஃபவுண்டேஷன் ரப்பர் இப்போது வாங்கினால் சரிவருமா? (கொத்தமங்கலம்)

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதனால் கடையில் கிடைப்பது நெடுநாள் அலமாரியில் கிடந்த சரக்காகவும் இருக்கலாம். வாங்கும் முன் நகத்தால் அழுத்துங்கள். பதிந்து மீண்டால் எடுங்கள். கல் போல இருந்தால், மடக்கும்போது மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வைத்துவிடுங்கள். முன்னே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் இன்ஜின் சாய்ந்தே நிற்கும்.