காலை நடையில் நாய்ப் படம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் காலையில் வரும் நாய்களையும் அவற்றைக் கூட்டி வருபவர்களையும் எடுத்த என் படங்கள் போன இதழில் வந்தன. பார்த்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். கேமரா பற்றிக் கேட்டவர்களைவிட மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டவர்கள்தான் அதிகம், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் இந்த வேலையில் பாதிக்கு மேல் அதுதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: முன்பின் தெரியாதவரிடம் போய் "உங்கள் நாயைப் படம் எடுக்கலாமா" என்று கேட்க எனக்கு வாயே வரவில்லை, சார். தூரத்தில் நின்று ஜூம் போட்டு எடுத்துவிட்டால் என்ன?
– கல்லூரி மாணவர், பல்லாவரம்

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் நாயைத்தான் எடுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஐம்பதடி தள்ளி நிற்கும் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு பையன் தன்னையோ தன் மகளையோ எடுக்கிறான் என்றுதான் நினைப்பார், அப்படி நினைப்பது நியாயமும்கூட.

கேமராவைத் தோளில் தொங்கவிட்டபடி, மூடியைக் கழற்றாமல், அவர்கள் பார்க்கும்படி எதிரிலிருந்து நடந்து போங்கள். பின்னாலிருந்து போனால் நாயும் மிரளும், ஆளும் மிரளுவார். முதலில் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். "பேர் என்ன? எத்தனை வயசு?" இந்த இரண்டும் போதும். நாய் வளர்ப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெயர், வயசு, குட்டியாக எங்கிருந்து வந்தது, தயிர்சாதம் வைத்தால்தான் சாப்பிடும், தீபாவளி வந்தால் கட்டிலுக்கடியில் போய்விடும் என்று அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள், நீங்கள் காது கொடுத்துக் கேட்டாலே போதும். அப்புறம் "இவனை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "என்ன விலை?" நம் ஊரில் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், வீட்டுப் பிள்ளையாக வளர்ப்பவருக்கு அது சுருக்கென்று இருக்கும்.

இன்னொன்று. சென்னையில் பல நாய்களை வாக்கிங் கூட்டி வருபவர் அதன் முதலாளி இல்லை. வாட்ச்மேனோ, வீட்டு வேலை செய்யும் அக்காவோ, மாதச் சம்பளத்துக்கு நாலைந்து வீட்டு நாய்களைக் கூட்டிப் போகும் பையனோதான். பெரும்பாலும் அந்த நாய் உயிராக இருப்பதே இவர்களிடம்தான், எப்போது என்ன செய்யும் என்று வீட்டாரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடமும் அதே மரியாதையோடு கேளுங்கள், "வீட்டில் கேட்கணும்" என்று சொன்னால் காத்திருங்கள், அவர்கள் வேலைக்குச் சிக்கல் வரக் கூடாது. அனுமதி கிடைத்ததும் அவரையும் நாயோடு சேர்த்து எடுங்கள். அந்தப் படத்தை முதலில் அவருக்குக் கொடுங்கள்.

யாராவது வேண்டாம் என்றால், சரி என்று சிரித்துவிட்டு நடந்துவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் நாய் நல்ல கறுப்பு. மொபைலில் எடுத்தால் கண்ணும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை, மொத்தமாகக் கறுப்பாக விழுகிறது. வெளிச்சம் நிறைய இருக்கும் கடற்கரையில்தான் எடுக்கிறேன்.
– வாசகி, திருவான்மியூர்

பதில்: வெளிச்சம் நிறைய இருப்பதுதான் பிரச்சனை. மணலும் வானமும் பளீரென்று இருப்பதால் கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது, நடுவில் நிற்கும் கறுப்பு நாய் அதில் அடிபட்டுப் போகிறது. திரையில் நாயின் முகத்தைத் தொட்டு விரலை ஒரு நொடி அப்படியே வையுங்கள், பக்கத்தில் சின்னதாகச் சூரியன் போல ஒரு குறி வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். ரோமம் இழை இழையாகத் தெரியும்வரை தள்ளினால் போதும், பின்னால் வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

அதைவிட நல்ல வழி, இடத்தை மாற்றுவது. மரத்தடி நிழலின் ஓரத்தில், வெட்டவெளியைப் பார்த்தபடி நாயை நிறுத்துங்கள். வானத்தின் வெளிச்சம் கண்ணில் ஒரு புள்ளியாக விழும். கறுப்பு நாயின் படத்துக்கு உயிர் கொடுப்பதே அந்தப் புள்ளிதான். உங்கள் கடற்கரையில் சூரியன் கடல் பக்கம் எழுவதால், காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நீங்கள் நின்றால் நாயின் முகத்தில் நேராக வெளிச்சம் விழும், உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளுங்கள். வெயில் ஏறிவிட்டால் படத்தை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் அது சூடுதான்.

கேள்வி: பக்கத்துத் தெருக்காரர் ராஜபாளையம் வளர்க்கிறார். எத்தனை கூப்பிட்டாலும் கேமரா பக்கம் திரும்புவதே இல்லை. திமிரா?
– வாசகர், சிவகாசி

பதில்: திமிராக இருக்காது, காது கேட்காமல் இருக்கலாம். முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களிடம் பிறவிச் செவிட்டுத்தன்மை மற்றவற்றைவிட அதிகம், ராஜபாளையத்தில் அது தெரிந்த விஷயம்தான். எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை, ஆனால் வளர்ப்பவரே சில சமயம் கவனித்திருக்க மாட்டார். பக்குவமாகச் சொல்லுங்கள், கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். படத்துக்கு விசில், சத்தம் எதுவும் வேண்டாம், அது பார்க்கும்படி கையை மெல்ல ஆட்டுங்கள், இல்லையென்றால் வளர்ப்பவரை உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து திடீரென்று போய்த் தொட மட்டும் கூடாது. காது கேட்காத நாய் திடுக்கிட்டுக் கடித்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கறுப்புக்குச் சொன்னதற்கு நேர் எதிர் இதற்கு. பின்னணி இருட்டாக இருந்தால் வெள்ளை ரோமம் வெயிலில் எரிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், அந்தச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். மூக்கிலும் காதுக்குள்ளும் இருக்கும் ரோஜா நிறம் தெரிந்தால் அளவு சரி.

உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. ஆனால் அந்த இனத்தையும், தேனிப் பக்கத்துக் கோம்பையையும், சிப்பிப்பாறையையும், கன்னியையும் அவை பிறந்த ஊரிலேயே, வளர்த்தவர்களோடு நிறுத்தி எடுத்த நல்ல படங்கள் ரொம்பக் குறைவு. இணையத்தில் தேடினால் விற்பனைக்கு எடுத்த படங்கள்தான் வந்து நிற்கின்றன, சங்கிலியில் கட்டி, சுவரோரம் நிறுத்தி. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள், அவற்றின் அழகு ஓட்டத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்த கரிசல் காட்டில், பக்கவாட்டில் நின்று, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியிலோ அதைவிட வேகமாகவோ வைத்து எடுத்துப் பாருங்கள். அந்த நாயை வளர்க்கும் பெரியவர் அதன் தாயைப் பற்றியும் பாட்டியைப் பற்றியும் சொல்வார், அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது வேறு எங்கும் பதிவாகி இருக்காது.

கேள்வி: என்ன கேமரா வாங்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: கையில் இருக்கும் மொபைலோடு ஒரு மாதம் நடங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் பழைய கேமராவே போதும், லென்ஸ் மட்டும் பார்த்து வாங்குங்கள். லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டுவது எஃப் எண், எண் சின்னதானால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. எஃப் 1.8 லென்ஸ் வாங்கிவிட்டு அதை 1.8-லேயே வைத்து எடுக்காதீர்கள், நீண்ட முகம் கொண்ட நாய்க்குக் கண் தெளிவாக இருக்கும்போது மூக்கு கலங்கிவிடும். எஃப் 4 பக்கம் வைத்தால் இரண்டும் கிடைக்கும்.

கேள்வி: "கடிக்காது, ஒண்ணும் பண்ணாது" என்று சொன்னார்கள், நானும் குனிந்து கேமராவை நீட்டினேன், உறுமிவிட்டது. எங்கே தப்பு?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வளர்ப்பவர் சொன்னது அவர் வீட்டாரிடம் அது நடந்துகொள்ளும் விதம். உங்களிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாய்தான் சொல்லும், உறுமுவதற்கு முன்பே சொல்லியும் இருக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்புவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, சாப்பாடு எதுவும் இல்லாமல் நாக்கால் மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, உடம்பு அப்படியே விறைத்து நிற்பது, இதில் எது வந்தாலும் "எனக்கு வேண்டாம்" என்று அர்த்தம். வால் ஆடுகிறதே என்று நம்பிவிடக் கூடாது, உயர்த்தி விறைப்பாக ஆடும் வால் நட்புக்கு அடையாளம் இல்லை. அதோடு நேருக்கு நேர் வெறித்துப் பார்ப்பது நாய்க்கு மிரட்டல், லென்ஸ் என்பது அதைவிடப் பெரிய, இமைக்காத கண். மேலிருந்து குனிந்து அதை நீட்டினால் எந்த நாய்க்கும் பயம் வரும்.

ஆறேழு அடி தள்ளிப் பக்கவாட்டாக உட்காருங்கள், கேமராவைத் தரையில் வையுங்கள், அதுவாக வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் வளர்ப்பவரிடம் பேசிக்கொண்டிருங்கள். உட்கார்வதால் படத்துக்கும் லாபம்தான், நாயின் கண் மட்டத்திலிருந்து எடுத்தால்தான் அதன் உலகம் தெரியும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் (1928–2023) வாழ்நாள் முழுக்க நாய்களை எடுத்தவர். 1946-ல் நியூயார்க்கில் ஸ்வெட்டர் போட்ட சிவாவா இனத்துச் சின்ன நாய் ஒன்றை, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கால்கள் மட்டும் தெரிய, தரையோடு தரையாக எடுத்தார். முகம் இல்லாமலே இருவருக்கும் உள்ள உறவு அதில் தெரிகிறது. அவர் நாய்களைப் பார்த்துத் தானே குரைத்து அவற்றைத் திரும்ப வைப்பாராம், தெரியாத நாயிடம் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

பல்லோ நகமோ பட்டுவிட்டால், அது வீட்டு நாயாகவே இருந்தாலும், ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். மஞ்சள் வைப்பது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் கூடவே கூடாது.

கேள்வி: பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அலையோரம் ஓடவிட்டால் படம் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஏன் எல்லாப் படத்திலும் கட்டியே வைத்திருக்கிறீர்கள்?
– வாசகர், அடையாறு

பதில்: அந்த ஓட்டத்தை எடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை அதே மணலில் ஆலிவ் ரிட்லி ஆமைகள், நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்பவை, ராத்திரியில் கரையேறி முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழியை ஒரு நாய் இரண்டே நிமிடத்தில் தோண்டிவிடும், குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போகும் வழியிலும் நாய்தான் பெரிய ஆபத்து. அதோடு, குழந்தையைக் கூட்டி வந்தவர், நாயைக் கண்டாலே பயப்படும் பெரியவர் என்று எல்லோருக்கும் அந்தக் கடற்கரை சொந்தம். நீளமான கயிறாக வாங்கிக் கட்டுங்கள், ஓடவும் ஓடும், கையிலும் இருக்கும். படத்தில் கயிறு உறுத்தினால் மொபைலிலேயே அழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: படத்தை அனுப்ப நம்பர் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயக்கம். இணையத்தில் என் பக்கத்தில் போட்டுவிட்டால் போதாதா?
– வாசகர், திருச்சி

பதில்: அவர்கள் நம்பரைக் கேட்காதீர்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். விருப்பம் இருப்பவர் வாட்ஸாப்பில் ஒரு வணக்கம் போடுவார், அனுப்பிவிடலாம். பொதுவில் போடுவதற்கு மட்டும் தனியாக அனுமதி வாங்குங்கள், எடுக்க விட்டவர் எல்லோரும் ஊருக்குக் காட்டவும் சம்மதித்தார்கள் என்று அர்த்தமில்லை. வீட்டு கேட், கதவு எண், தினமும் வரும் நேரம், இடம் எதுவும் வெளியே தெரிய வேண்டாம், விலை அதிகமான நாய்களைத் திருடுகிறார்கள். மேக்ஸி அளவில், அதாவது போஸ்ட்கார்டு அளவில், பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கையில் கொடுத்துப் பாருங்கள், இப்போதெல்லாம் யாருக்கும் கையில் படம் கிடைப்பதில்லை, வாங்கியவர் அதை மறக்கவே மாட்டார்.

கேள்வி: எங்கள் பூங்காவில் தினமும் ஜிம்மியோடு வரும் பெரியவர் இப்போது தனியாக வருகிறார். ஜிம்மி போய்விட்டது. என்னிடம் அதன் படங்கள் நிறைய இருக்கின்றன. கொடுத்தால் வேதனைப்படுவாரா?
– வாசகி, மதுரை

பதில்: கொடுங்கள், ஆனால் திடீரென்று மொபைலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நேரில், கூட நடந்துகொண்டே, "ஜிம்மி படம் கொஞ்சம் என்கிட்ட இருக்குங்க ஐயா, எப்ப வேணும்னாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவர் இன்றைக்கே கேட்கலாம், பொங்கல் கழித்துக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அதுவரை ஒன்றைக்கூட அழிக்காதீர்கள், மங்கலானதையும்தான். இருவரும் சேர்ந்திருக்கும் படம் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அதோடு, வழக்கம்போல நின்று பேசிக்கொண்டிருங்கள், நாய் இருந்தபோது நின்று பேசியவர்கள் எல்லாம் இப்போது தலையசைத்துவிட்டுப் போவதுதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

கேள்வி: வீட்டு நாய்கள் சரி. எங்கள் தெருவில் ஐந்து நாய்களுக்கு நாங்கள் சாப்பாடு வைக்கிறோம், அதில் இரண்டு குட்டிகளுக்கு வீடு தேடுகிறோம். படம் எப்படி எடுக்க வேண்டும்?
– வாசகிகள் இருவர், வேளச்சேரி

பதில்: பரிதாபமாக எடுக்காதீர்கள். சாக்கடை ஓரத்தில் சுருண்டு கிடக்கும் குட்டியைப் பார்த்து "ஐயோ" என்பார்கள், வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். குளிப்பாட்டி, வயிறு நிறைந்தபின், காலை வெளிச்சத்தில் நின்றபடி, இரண்டு கண்ணும் கேமராவைப் பார்க்க ஒரு படம். ஒருவர் காலுக்குப் பக்கத்தில் நிற்க இன்னொரு படம், அளவு தெரியும். விளையாடும்போது பத்து நொடி வீடியோ. முதுகில் சொறி இருந்தால் மறைக்காமல், சிகிச்சை நடக்கிறது என்று எழுதுங்கள், இல்லையென்றால் கூட்டிப் போனவர் இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். வயசு, ஆணா பெண்ணா, போட்ட ஊசி எல்லாம் படத்தின் கீழேயே இருக்கட்டும். பெரிய நாய்களை எடுக்கும்போது காது தெரியும்படி எடுங்கள், கருத்தடை செய்த நாய்க்குக் காது நுனியில் சின்னதாக வெட்டியிருப்பார்கள், அதைப் பார்த்தாலே தெருவில் பாதிப் பேருக்குப் பயம் குறையும். இன்னும் செய்யாதவை இருந்தால் மாநகராட்சியிடமோ, 1959-ல் சென்னையில் தொடங்கிய விலங்குநல அமைப்பான ப்ளூ கிராஸிடமோ கேளுங்கள். குட்டிகளின் படம் தயாரானதும் இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறோம்.