வேலூரில் வீட்டுக்குள் சின்னதாக ஒரு கடல்நீர்ப் பவளத் தொட்டி வைக்க முடியுமா? சைக்கிளிங்குக்கு (மீன் விடுமுன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பதற்கு) எத்தனை நாள் ஆகும்?

முடியும். நான் காட்பாடியில் வைத்திருக்கிறேன். கேள்வியோடு நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: சத்துவாச்சாரியில் மாடி வீடு, 2 அடித் தொட்டி, போர் தண்ணீர், "உப்பைப் போட்டு மூணு நாள் ஓட விடுங்க, அப்புறம் மீன் விடலாம்" என்று கடைக்காரர் சொன்ன யோசனை. மூன்று நாளில் உப்பு கரையும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

இணையத்தில் இதைப் பற்றிக் கிடைப்பதில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. எத்தனை வாட் ஹீட்டர் என்று பக்கம் பக்கமாக இருக்கும். நம் ஊரில் ஹீட்டர் கடைசிக் கவலை. இங்கே தண்ணீரும் வெயிலும்தான் பிரச்சினை. கையில் இருக்கும் காசை முதலில் இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். ஆயிரம் வண்ணம் காட்டும் லைட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) ஆயிரத்தைத் தொடுவது சாதாரணம். உப்புதானே, கடல் தொட்டிக்கு இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு உப்பு. நிலத்தடி நீரில் நைட்ரேட், சிலிக்கேட், குழாயிலிருந்து வரும் செம்பு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். பாசிக்கு நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் விருந்து. செம்போ நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆகவே ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும், அதுவும் ஆர்ஓவோடு நிறுத்தக் கூடாது. மெம்பிரேன் நன்றாக இருந்தால் கரைந்திருப்பதில் 95 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஆயிரத்தில் 95 சதவீதம் போனாலும் 50 மிச்சம் இருக்கிறதே. அந்த 50ஐப் பூஜ்யமாக்க டிஐ ரெசின் (மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) நிரப்பிய ஒரு குழல் போட வேண்டும்.

வீட்டில் குடிக்கிற ஆர்ஓ மெஷின் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ருசிக்காக அதில் மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும், அல்லது கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் ஒரு திருகு இருக்கும். தொட்டிக்கான தண்ணீரை அதற்கு முன்னால், மெம்பிரேனிலிருந்து வரும் மெல்லிய குழாயிலேயே பிரித்து எடுக்க வேண்டும். சர்வீஸ் பையனிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஒரு டி (T வடிவ இணைப்பு) போட்டுத் தருவார். வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்காதீர்கள், வாசல் தெளிக்க ஆகும். பாலாற்றில் தண்ணீர் போவதையே படம் பிடித்து அனுப்பிக்கொள்கிற ஊர் நம்முடையது. மீனுக்காக இத்தனை குடம் தண்ணீரா என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள்.

மெரினாவிலிருந்தோ கோவளத்திலிருந்தோ கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்திருக்கும், மழைக்குப் பின் உப்பளவும் மாறும். பவளத் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை வாங்குங்கள். சமையல் கல்லுப்பு ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் கால்சியமும் 1300 அளவில் மக்னீசியமும் வேண்டும். கலக்கும்போது டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு, உள்ளே ஒரு பம்ப். உப்பைக் கொட்டி வைத்து அதன்மேல் தண்ணீர் விட்டால் கால்சியம் வெள்ளை மாவாகப் படிந்துவிடும், திரும்பக் கரையாது. லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை பிடிக்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அடர்த்தி எண்ணில் சொன்னால் 1.026. முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள், முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும்.

அடுத்தது வெயில். பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். 30ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் தன் உடம்புக்குள் குடியிருந்து உணவு ஊட்டும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். நமக்கோ கத்திரியில் வெளியே 40க்கு மேல். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை இரவு பதினோரு மணிக்கும் அடுப்பு மாதிரி இருக்கும். உங்களுடையது மாடி வீடு என்பதால் சொல்கிறேன்: கீழ்த்தளத்தில் மேற்குச் சுவரை ஒட்டாத ஒரு மூலை கிடைத்தால் அங்கே வையுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கினால் நிம்மதி, ஆனால் தொட்டி, ஸ்டாண்டு இரண்டின் விலையையும் அது ஒன்றே தாண்டிவிடும். அதோடு தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்தான் கக்கும். அதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்றடிக்கிற மாதிரி சின்ன ஃபேன் ஒன்று வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். இதில் சென்னைக்காரர்களைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள். அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. நம் கோடைக் காற்று வறண்டது, ஃபேன் நன்றாக வேலை செய்யும். இதற்கு ஒரு விலையும் உண்டு. 100 லிட்டர் தொட்டியில் 3 லிட்டர் ஆவியானால் உப்பு 35லிருந்து 36க்கு ஏறும். போனது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. அதனால் ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத டிஐ தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக் காலையும் மாலையும் ஊற்றலாம். ஊருக்குப் போகிறவர் என்றால் தானாக நிரப்பும் கருவி வாங்கிவிடுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் காலையில் போனால் மாலைதான் வரும். சூடான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும், நீரோட்டமும் நின்றால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் ஐந்து, பத்து வாட்தான் இழுக்கும். அதை மட்டுமாவது இன்வெர்ட்டரில் போடுங்கள்.

தொட்டி அளவு: 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 127 லிட்டர். கல், மணல் போக நூறு லிட்டர் நிற்கும். இதைவிடச் சின்னது வேண்டாம். சின்னத் தொட்டி சுலபம் என்பது பெரிய பொய், தண்ணீர் குறையக் குறைய எல்லாம் வேகமாக மாறும். மணலுக்கு அரகோனைட் (கால்சியம் கார்பனேட் மணல்). பாலாற்று மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள், வண்டலும் கூடவே வரும்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக் கல்) போடுவார்கள். இங்கே கல் பவளங்கள் அனைத்தும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடல் அட்டை, கடற்குதிரைக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986லிருந்து தேசியப் பூங்கா. ராமேஸ்வரம் போன சித்தப்பா ஆசையாக ஒரு பவளத் துண்டு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள், செத்துக் காய்ந்ததாக இருந்தாலும் சரி. துளை நிறைந்த செயற்கைக் கல் பத்துக் கிலோ போதும்.

இப்போது சைக்கிளிங். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டும் கல்லின் துளைகளில் குடியேறிப் பெருகும்வரை காத்திருப்பதுதான் சைக்கிளிங். கடல்நீரின் பிஎச் 8.2 வாக்கில் இருப்பதால் அமோனியாவில் விஷமான பகுதி நன்னீரைவிட அதிகம், சூடு ஏறினால் இன்னும் அதிகம். மீனை விட்டு சைக்கிள் செய்வது அதனால்தான் கொடுமை.

மீன் தொட்டிக்கென விற்கும் அமோனியம் குளோரைடு கரைசலை விட்டு அமோனியாவை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொண்டுவாருங்கள். அது கிடைக்காவிட்டால் உரிக்காத பச்சை இறால் ஒன்றைப் பழைய சாக்ஸில் கட்டித் தொங்க விடலாம். வேலை நடக்கும், ஆனால் நாற்றம் கூடம் வரை வரும், எத்தனை பிபிஎம் என்பதும் உங்கள் கையில் இருக்காது. பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் நாள் குறையும். வெயிலில் கூரியரில் கிடந்து வெந்த பாட்டிலாக இருந்தால் காசுக்குக் கேடு. லைட்டை அணைத்தே வையுங்கள், பம்பும் வேவ்மேக்கரும் ஓடட்டும்.

பிறகு டெஸ்ட் கிட். குழலில் தண்ணீரெடுத்துச் சொட்டு விட்டு, கிட்டில் போட்டிருக்கும் நேரம் வரை பொறுத்து, வெள்ளைக் காகிதத்தின் மேல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் பார்த்தால் மஞ்சளும் (அமோனியா இல்லை) இளம்பச்சையும் (கொஞ்சம் இருக்கிறது) ஒன்றாகவே தெரியும். முதல் சில நாள் அமோனியா குழலில் கரும்பச்சை அப்படியே நிற்கும், ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அப்புறம் ஒருநாள் பச்சை வெளுக்கத் தொடங்கும், நைட்ரைட் குழல் ஊதாவாகும். அமோனியா பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி 2 பிபிஎம் விடுங்கள். 24 மணி நேரத்தில் அது பூஜ்யமானால் தொட்டி தயார். வழக்கமாக 3 முதல் 6 வாரம் ஆகும், நாட்காட்டியைப் பார்க்காமல் குழலைப் பாருங்கள். நைட்ரைட் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் கடல் தொட்டியில் பெரிய பயமில்லை. நீரிலுள்ள குளோரைடு அது செவுள் வழியே உள்ளே போவதைத் தடுத்துவிடும். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கக் கணிசமாகத் தண்ணீர் மாற்றிவிட்டு முதல் உயிரை விடலாம்.

லைட் போட்டதும் மணலெல்லாம் பழுப்பாகப் படியும், அது டயாட்டம் என்ற நுண்பாசி. அடுத்து பச்சை முடிப்பாசி வரும். எல்லாத் தொட்டியும் இப்படித்தான் தொடங்கும், மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். நத்தைகள் சில விட்டால் மேய்ந்துகொள்ளும்.

முதல் மீனாக வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன் ஜோடி. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்களில் இதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள், கடலிலிருந்து பிடித்ததை வாங்கத் தேவையே இல்லை. சென்னை கொளத்தூரில் வாங்குவதாக இருந்தால் அதிகாலையில் கிளம்பி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் வீடு வந்துவிடுங்கள். 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் டோரியாக வரும் நீல டேங் மீன் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது, குழந்தை எவ்வளவு அழுதாலும். பவளத்தில் காளான் பவளமும் பொத்தான்போல் கொத்தாக வளரும் ஜோவாந்திடும் தாங்கும். இவை கல் பவளங்கள் அல்ல, சட்டத்தின் அந்த வரிசையில் வராது. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு பில்லோடு வாங்குங்கள். ஜோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். ஆவியை மூச்சிழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன.

அப்புறம் கொசு. அந்த அறையில் கொசு மருந்து லிக்விடும் ஸ்பிரேயும் கூடாது. அவற்றிலுள்ள பைரித்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு, ஏர் பம்ப் அறைக் காற்றை அப்படியே உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள்.

தொட்டியை ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, உங்கள் போர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டையும் அளந்து எழுதுங்கள். ரெசின் எவ்வளவு வேண்டும், எத்தனை மாதம் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.