முருங்கை விதைக்கு ஒரு படிப்பு உண்டா?

வாணியம்பாடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள் அறிவியல் கண்காட்சியில் முருங்கை விதைப் பொடியும் வாழைப்பழத் தோலும் போட்டு ஈயத் தண்ணீரைச் சுத்தம் செய்து காட்டிப் பரிசு வாங்கியிருக்கிறாள். இனி இதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதற்கெல்லாம் படிப்பு உண்டா, வேலை கிடைக்குமா என்கிறீர்கள். அந்தப் பெயரில் படிப்பு இல்லை. வேலை உண்டு, கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும்.

முதலில் அவளிடம் ஒன்று கேளுங்கள். தண்ணீர் தெளிந்தது சரி, ஈயம் போனது எப்படித் தெரியும்? முருங்கை விதைப் புரதம் கலங்கலைத் திரட்டி அடியில் படியவைக்கும். பாட்டிமார் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசியதும் அதற்குத்தான். கரைந்திருக்கும் ஈயமோ கண்ணுக்குத் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அவ்வளவு சின்ன அளவைப் பார்க்க ஏ.ஏ.எஸ் (அணு உட்கவர் நிறமாலைமானி) மாதிரி, உலோகத்தின் அளவைக் காட்டும் கருவி வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். அங்கேயே ஒரு வேலை இருக்கிறது, பாருங்கள்.

வாழைப்பழத் தோல் உண்மையிலேயே ஈயத்தைப் பிடிக்கும். அதிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளின் கார்பாக்சில் தொகுதிகள் ஈய அயனியை இழுத்து வைத்துக்கொள்ளும். அவளுடைய வேதியியல் புத்தகத்தில் புறப்பரப்பு வேதியியல் என்று வரும் பாடம் இதேதான். அடுத்த கேள்வி: பிடித்த ஈயம் எங்கே போயிற்று? தோலிலேயே இருக்கிறது. குப்பையில் போட்டால் மண்ணுக்குப் போகும். அமிலத்தில் கழுவினால் கழன்று வரும், அப்புறம் கையில் ஈயம் கலந்த அமிலம். தோல், தவிடு, தேங்காய் மட்டை என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடந்தும் ஆலைக்குள் வந்தவை சொற்பம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தக் கேள்வியைக் கேட்டு அவள் சலித்துக்கொண்டால் ஆசை கண்காட்சியோடு போகும். யோசிக்க உட்கார்ந்தால் தடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெட் ப்ளூ எனப்படும், முதல் பதனிடல் முடிந்த ஈரத் தோலின் அந்த நீலம் குரோமியம் தந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள். அந்தப் பட்டையின் துவர்ப்புப் பொருளான டானினுக்கு உலோகத்தைப் பிடிக்கும் குணமும் உண்டு. பழைய தொழிலின் சரக்கு புதிய தொழிலின் குரோமியக் கழிவுக்கு மருந்தாகலாம்! 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் பிரதீப்பின் குழு, தண்ணீரிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சை நீக்கும் வடிகட்டிப் பொருளை இரும்புச் சேர்மத்தோடு கைட்டோசானும் சேர்த்துச் செய்தது. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. இயற்கைப் பொருள் தனியாக ஜெயிப்பது அபூர்வம், கூட்டாளியோடு ஜெயிக்கும்.

இனி படிப்பு. என் முதல் தேர்வு பி.டெக். கெமிக்கல், மதிப்பெண் குறைந்தால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. பெயரில் மட்டும் பசுமை வைத்திருக்கும் புதுப் பட்டப்படிப்புகளை இளநிலையில் தொட வேண்டாம் என்பேன். முதுநிலையில் சுற்றுச்சூழலுக்கு வரலாம், முதுநிலைப் பொறியியலுக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் 2021 முதல் அதற்குத் தனித்தாளே இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வேலை என்றால் தோல் ஆலைகளுக்கான பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், நீர்ப் பரிசோதனைக்கூடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலை நிரப்பியதும், உறுதி செய்யும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.